ஐந்தாவது கோடு

திறந்து வைத்த கடிகாரத்துக்கு எதிரே யாரும் வாயைத் திறக்கக் கூடாது. அந்தக் கடையில் இருந்த ஒரே சட்டம் அதுதான். அதை மீறினால் மட்டும் கடிகாரக்காரருக்குப் பொல்லாத கோபம் வரும்.

"சார், சார், அந்தப் பக்கம் திரும்பிப் பேசுங்க. எச்சில் தெறிக்குது."

"நான் ஒண்ணும் துப்பலையேங்க."

"யாருமே துப்புறதில்ல. பேசினாலே தெறிக்கும். உங்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். ஒரு சொட்டு உள்ள போனா ஆறே மாசத்துல துரு. அப்புறம் என்கிட்டதான் வந்து நிப்பீங்க."

வந்தவர் அசடு வழியச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, தன் கடிகாரம் ஏன் பத்து நிமிடம் பின்தங்குகிறது என்பதைச் சுவரிடம் விளக்குவார். பக்கத்துக் கடையில் சாவி வெட்டுகிறவருக்கு இதைப் பார்ப்பதில் ஒருநாளும் அலுப்பு வந்ததில்லை. "உங்க சுவரைக் கேட்டாப் போதும்யா, ஊர்ல எந்தக் கடிகாரத்துக்கு என்ன வியாதின்னு அதுவே சொல்லிடும்" என்பார்.

கடை என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். மார்க்கெட் கட்டடத்தின் மாடிப்படிக்கு அடியில் மிச்சமாகிப்போன இடம். உள்ளே போனால் உட்கார்ந்துதான் ஆக வேண்டும், நிமிர்ந்தால் படி தலையில் இடிக்கும். ஒரு மேஜை, அதன்மேல் வெள்ளைத் தாள், எந்தப் பக்கமும் கழுத்தை வளைக்கிற விளக்கு, ஏழு இடுக்கிகள், தூசி ஊத ஒரு ரப்பர் குமிழ், பிரித்துப் போட்ட சக்கரங்களை மூடிவைக்கக் கண்ணாடிக் கிண்ணங்கள். இருபத்து நான்கு வருடங்களாக வலது கண்ணில் லென்ஸை இடுக்கி இடுக்கி, அந்தக் கண்ணைச் சுற்றி மட்டும் ஒரு வட்டக் கோடு விழுந்திருந்தது.

தூசி, கைரேகை, ஈரம் மூன்றும் அவருக்கு எதிரிகள். தூசியை ஊதிவிடலாம். கைரேகையைத் துடைத்துவிடலாம். ஈரம் அப்படியில்லை, உள்ளே புகுந்தால் சத்தம் போடாமல் தின்றுகொண்டே இருக்கும். அதனால் மூன்றிலும் ஈரத்துக்குத்தான் அவர் அதிகம் பயப்படுவார்.

அவருக்கு ஒரே மகள், பன்னிரண்டு வயது. எங்கே போனாலும் மெதுவாக, ஆடி அசைந்து வந்து சேருவாள் என்பதால் சாவிக்காரர் அவளுக்கு 'சின்னமுள்' என்று பேர் வைத்திருந்தார். மணிமுள் மாதிரி அவள் நகர்வதே தெரியாதாம். வீட்டில் வைத்த பேர் மறந்துபோய் அதுவே நிலைத்துவிட்டது. அம்மாவுக்குப் பேக்கரியில் பொட்டலம் கட்டுகிற வேலை, ஏழு மணிக்குத்தான் முடியும். அதுவரை சின்னமுள் அப்பா பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். குழந்தையிலிருந்தே அங்கே உட்கார்ந்து பழகியதால், பேசும்போது கையால் வாயை மூடிக்கொள்வது அவளுக்குத் தானாகவே வந்துவிட்டது.

பத்து வயதில் அவளுக்குக் கோரைப்பல் ஒன்று வரிசைக்கு வெளியே, ஈறின் உச்சியில் முளைத்தது. உதடு மூடவில்லை. அதற்குப் பிறகு அந்தக் கை கடைக்கு வெளியேயும் வாயை விட்டு இறங்கவில்லை. பள்ளிக்கூடத்தில் எடுத்த படம் வீட்டுக்கு வந்தபோதுதான் கடிகாரக்காரர் அதைக் கவனித்தார். நாற்பது பிள்ளைகள் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறார்கள். அவர் மகள் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள். லென்ஸை மாட்டி வெகுநேரம் பார்த்துவிட்டு, "பல்லுக்குக் கம்பி போட்டுடலாம்" என்றார். அம்மாவும் உடனே சரி என்றாள். அவளும் அந்தப் படத்தைப் பார்த்திருந்தாள்.

பல் டாக்டரம்மா நிதானமானவர். கம்பி போடுவதற்கு முன்னால் ஒரு சோதனை வைத்தார். சின்னமுள்ளிடம் மெழுகுத் துண்டு ஒன்றைக் கொடுத்து ஐந்து நிமிடம் மெல்லச் சொன்னார். ஊறுகிற எச்சிலை எல்லாம் கோடு போட்ட ஒரு கண்ணாடிக் குழாயில் துப்ப வேண்டும். ஐந்தாவது கோட்டைத் தொட்டால் நல்ல வாய் என்று அர்த்தமாம். சின்னமுள் ஆறைத் தொட்டாள்.

"ராணி வாய்!" என்றார் டாக்டரம்மா. "கேளுங்க சார். கம்பி போட்ட புதுசுல எச்சில் இன்னும் ஜாஸ்தியா ஊறும். ஒரு மாசம், ரெண்டு மாசம். கம்பி இடுக்குல சாப்பாடு சிக்கும், கிருமி கூடும். அதனால மூணு வேளையும் நல்லா விளக்கணும். அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்று அவர் சொன்னதில் கடிகாரக்காரர் இரண்டை மட்டும் பிடித்துக்கொண்டார். எச்சில் ஜாஸ்தியாகும், கிருமி கூடும். இரண்டுக்கும் நடுவில் ஒரு முடிச்சைப் போட்டது அவரேதான்.

அந்த வாரம் கடையில் விளக்கைத் தாழ்த்தி மகள் வாய்க்குள் பிடித்து லென்ஸ் வழியாகப் பார்த்தார். ஒவ்வொரு பல்லிலும் கடுகளவு உலோகக் கட்டை, அதன் பள்ளத்தில் ஓடுகிற கம்பி, கம்பியைப் பிடித்திருக்கிற ரப்பர் வளையம். என்ன அழகான வேலை என்று சொக்கிப்போனார். அடுத்த நொடி பார்த்தால் அத்தனையும் சொதசொதவென்று ஈரம்.

"கண்ணு, இந்த மெஷினு இப்படி நனைஞ்சு கிடக்கக் கூடாது. விளக்கி முடிச்சதும் நல்லாத் தொடச்சுடணும், என்ன?"

"எதாலப்பா?"

கடிகாரக் கண்ணாடி துடைக்கிற புதுத் தோல்துணி ஒன்றை வெட்டி அவள் கையில் கொடுத்தார். பழைய ரப்பர் குமிழ் ஒன்றையும் கழுவிக் கொடுத்தார்.

"தொடச்சிட்டு இதால ரெண்டு ஊது ஊதிக்கோ. எச்சில் ஊறுச்சுன்னா அப்பப்போ எடுத்துடு. சும்மா சும்மா தண்ணி குடிச்சுக்கிட்டே இருக்காத. காஞ்சு இருந்தாக் கிருமி எங்க தங்கும், சொல்லு?"

"தங்காதுப்பா" என்றாள் சின்னமுள். சொன்னதைச் சொன்னபடி செய்கிற பிள்ளை. அப்படிப்பட்ட பிள்ளைக்கு ஒன்றைச் சொல்லும்போது ஆயிரம் தடவை யோசிக்க வேண்டும் என்பது அன்றைக்கு அவருக்குத் தோன்றவில்லை.

மூன்றாவது மாதம் கோரைப்பல் அரைவாசி இறங்கியிருந்தது. உதடு கிட்டத்தட்ட மூடியது. அதைப் பார்க்கத்தான் அம்மாவும் பேக்கரியில் சொல்லிவிட்டு ஆசையாகக் கூட வந்தாள். டாக்டரம்மா வாய்க்குள் கண்ணாடியை விட்டுப் பார்த்தார். இன்னொரு தடவை பார்த்தார். பிறகு நாக்கின்மேல் ஒரு பட்டையை ஒற்றி எடுத்து, குப்பியில் போட்டு, கிருமி வளர்ந்து தெரிவதற்காகச் சூட்டுப்பெட்டியில் வைத்தார். இரண்டு நாள் கழித்து வரச் சொன்னார்.

இரண்டாம் நாள் அந்தப் பட்டையை அவர் காட்டியபோது அது முழுக்கப் பொடிப்பொடியாகப் புள்ளி விழுந்திருந்தது. பக்கத்தில் வைத்த அட்டையில் நான்கு படங்கள், கிருமி குறைவு முதல் அதிகம் வரை. சின்னமுள்ளின் பட்டை நான்காவது படத்தோடு ஒத்துப்போனது.

"இங்க பாருங்க, கட்டையைச் சுத்தி வெள்ளையா இருக்கு. சுண்ணாம்பு தடவின மாதிரி. பல்லுல இருக்கற சத்து கரைஞ்சு வெளிய போகுது. இப்படியே விட்டா அடுத்தது ஓட்டைதான்."

"இவ ஒழுங்காத்தான் விளக்குறா, டாக்டரம்மா. நான் நின்னு பார்க்கறேன்" என்றாள் அம்மா.

"அப்போ இனிப்பு ஏதாவது? வாய்ல போட்டுக் கரைக்கற மாதிரி?"

பேக்கரியில் வேலை செய்கிறவளுக்கு இந்தக் கேள்வி எங்கே போய்க் குத்தும்! அம்மா முகம் சுருங்கிவிட்டது. உடைந்த பிஸ்கட்டும் ஓரம் கருகிய கேக்கும் வாரம் இரண்டு நாள் வீட்டுக்கு வருவது உண்டுதான்.

"ஒரு மாசம் பார்க்கலாம்" என்றார் டாக்டரம்மா. "அப்பவும் இப்படியே இருந்தாக் கம்பியை எடுத்துடுவேன். கோணல் பல்லோட ஒருத்தர் நல்லா வாழலாம் சார். சொத்தைப் பல்லோட முடியாது."

"எடுத்துட்டா... இறங்கின பல்லு?"

"பாதியில விட்டா மறுபடி மேல ஏறிக்கும்."

சின்னமுள்ளின் கை மெதுவாக மேலே வந்து வாயைப் பொத்திக்கொண்டது. மூன்று மாதமாக அந்தக் கை கீழே இருந்தது என்பதே கடிகாரக்காரருக்கு அப்போதுதான் உறைத்தது.

அந்த மாதம் வெயில் கொளுத்தியது. வறட்டுக் காற்று மார்க்கெட் முழுக்கத் தூசியைக் கிளப்பிக்கொண்டே இருந்தது. வீட்டில் இனிப்பு என்ற பேச்சே கிடையாது. பிஸ்கட் டப்பாவை அம்மா கவிழ்த்துக் கழுவி, மூடியைத் திறந்து, ஜன்னலில் வைத்துவிட்டாள். அப்படியும் மனசு ஆறவில்லை. ஒரு சாயங்காலம் பள்ளிப்பையைக் கட்டிலில் கொட்டினாள்.

"அம்மா, நான் எதுவும் தின்னல."

"அதை நான் பார்த்துக்கறேன். சத்தியமா சொல்லு, யாரு மிட்டாய் தர்றா உனக்கு?"

"யாரும் தரல."

"அப்போ கிருமி என்ன வானத்துலேர்ந்தா குதிக்குது?"

நோட்டுகள், ஜாமெட்ரி பெட்டி, பாதி அழிப்பான். மிட்டாய்த் தாள் ஒன்றுகூட இல்லை. பையின் அடியில் கருத்து விறைத்துப்போன ஒரு தோல்துணி கிடந்தது.

"என்னடி இது? நாத்தம் குடலைப் புடுங்குது."

"அப்பா குடுத்தது. பல்லு தொடைக்க."

"சரி, சரி. அதையாவது ஒழுங்காப் பண்ணு" என்று அம்மா அதைச் சோப்புப் போட்டு அலசிக் கொடியில் போட்டாள். தண்ணீர் பாட்டிலைத் தூக்கியவள், "காலையில ஊத்தினது அப்படியே இருக்கு. இந்த வெயில்ல தண்ணிகூடக் குடிக்கலையா நீ?" என்றாள்.

"தாகமில்லம்மா."

அம்மாவின் மனசு முழுக்க மிட்டாய்த் தாளில் இருந்தது. பாட்டிலைக் கவிழ்த்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போனாள்.

கடிகாரக்காரர் மட்டும் என்ன, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் காத்தார். மூன்று தடவை துடைத்தது ஆறு தடவை ஆயிற்று. சாயங்காலம் அவள் வந்ததும் வராததுமாக விளக்கைத் திருப்பி லென்ஸை மாட்டுவார். குமிழை எடுத்து ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு ஊது. பிறகு அவள் மேஜை விசிறிக்கு எதிரே வாயைத் திறந்தபடி உட்கார வேண்டும். சாவிக்காரர் எட்டிப் பார்த்தார்.

"என்னய்யா, பிள்ளை கரையில போட்ட மீன் மாதிரி வாயைப் பொளந்துட்டு உக்காந்திருக்கு?"

"காய வைக்கிறோம்."

"வாயைக் காய வைக்கறதா? என் பாட்டன் பூட்டன் காலத்துல இப்படி ஒரு வைத்தியம் கேள்விப்பட்டதில்லையே!"

"உங்க பூட்டுக்கு எண்ணெய் விட்டா ஆச்சு. இது நுணுக்கமான வேலை, உங்களுக்குப் புரியாது. விடுங்க."

"புரியல சாமி. பிள்ளை உதடு வெடிச்சுப்போய்க் கிடக்கு, அது மட்டும் புரியுது."

"வெயில் காலம், அப்படித்தான் இருக்கும்" என்றார் கடிகாரக்காரர். ஆனால் அந்த வார்த்தை அவருக்குள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. மறுபடி லென்ஸில் பார்த்தார். வெள்ளைத் திட்டு குறைந்த மாதிரியே இல்லை, இரண்டு பல்லில் அகலமாகியிருந்தது. அப்படியென்றால் இன்னும் எங்கேயோ ஈரம் தங்குகிறது. எங்கே? எந்த இடுக்கில்? அன்றைக்கு ஒரு சின்னக் கைக்கடிகாரத்தின் திருகாணி அவர் இடுக்கியிலிருந்து துள்ளி விழுந்தது. முட்டி போட்டுத் தரையைத் தடவித் தேடி எடுத்தார். இருபத்து நான்கு வருடத்தில் இப்படி நடந்ததில்லை.

"அப்பா, எடுத்துடுவாங்களா?" என்று அவள் திடீரென்று கேட்டாள். நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு வார்த்தை குழறியது.

"எதை?"

"கம்பியை."

"அதெல்லாம் எடுக்க விட மாட்டேன். நீ சொன்னபடி செய்யுற இல்ல?"

"செய்யுறேம்ப்பா. ஸ்கூல்ல வகுப்பு மாறுறப்போ எல்லாம் தொடைக்கிறேன். பேசினா ஊறுதுன்னு பேசறதுகூட இல்ல."

அவருக்குப் பெருமையாக இருந்தது. பிற்பாடு அவர் மனசு நொந்ததெல்லாம் அந்தப் பெருமையை நினைத்துத்தான்.

குறித்த நாள் வந்தது. டாக்டரம்மா பட்டை வைப்பதற்கு முன், "இன்னிக்கு முதல்லேர்ந்து எல்லாத்தையும் பார்த்துடலாம்" என்று மெழுகுத் துண்டை எடுத்தார். சின்னமுள் நாற்காலியில் சாய்ந்து மென்றாள். மென்றாள், மென்றாள். குழாயை வாயருகே வைத்துத் துப்பினால் வெள்ளை நுரை வந்தது. அது கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு கீழேகூட இறங்கவில்லை. தாடை வலித்துக் கண்ணில் தண்ணீர் முட்டியது. சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தில் ஐந்து நிமிடம் ஓடி முடிந்தது. அது இருபது விநாடி வேகமாக ஓடுகிறது என்பதைக் கடிகாரக்காரர் அந்த நிலையிலும் கவனித்தார். பழக்கம் எங்கே போகும்!

டாக்டரம்மா குழாயை வெளிச்சத்தில் பிடித்தார். முதல் கோட்டைத் தாண்டி அரைக் கோடு.

"இது என்ன? ஆறு இருந்தது. கம்பி போட்டா ஏழு, எட்டு ஆகணும். அதுதானே வழக்கம்? ஒன்றரை எப்படி ஆகும்?" அவர் முகத்தில் இப்போது வேறு மாதிரிக் கவலை வந்துவிட்டது. "காய்ச்சல் வந்துதா? மாத்திரை ஏதாவது சாப்பிடறாளா?"

"இல்லீங்களே" என்றாள் அம்மா.

"ராத்திரி அடிக்கடி எழுந்து பாத்ரூம் போறாளா? திடீர்னு இளைச்சாளா? ரத்தப் பரிசோதனை ஒண்ணு எழுதறேன். எதுக்கும் பார்த்துடலாம்."

"ரத்தமா?" அம்மா பதறினாள். "பிள்ளைக்கு என்னங்க ஆச்சு?"

"பயப்படாதீங்க. எச்சில் இல்லாம பல்லு பிழைக்காதும்மா, அதுக்காகக் கேக்கறேன். நாம சாப்பிடறதைக் கிருமி புளிக்க வைக்குது. அந்தப் புளிப்புதான் பல்லைக் கரைக்குது. அதைக் கழுவி விடறது எச்சில். கரைஞ்ச சத்தைத் திரும்பக் கொண்டுவந்து பல்லுல சேர்க்கறதும் எச்சில்தான். கம்பி போட்டதும் அது ஏன் ஜாஸ்தியா ஊறுதுன்னு நினைக்கறீங்க? உடம்புக்கு அறிவு இருக்கு. எனக்கு முன்னாடி அது வேலையை ஆரம்பிச்சுடும். அது வத்திப்போன வாயில கிருமி குடித்தனமே நடத்தும்." சின்னமுள் பக்கம் குனிந்தார். "கண்ணு, தண்ணி நல்லாக் குடிக்கறியா?"

சின்னமுள் அப்பாவைப் பார்த்தாள். ஒரே ஒரு பார்வைதான். பிறகு டாக்டரம்மா பக்கம் திரும்பி, "ம்" என்று தலையாட்டினாள்.

அந்த ஒரு பார்வையில் கடிகாரக்காரருக்கு எல்லாம் புரிந்துபோயிற்று. பிள்ளைக்கும் இப்போதுதான் புரிந்திருக்கிறது. புரிந்த அடுத்த நொடியே அவரைக் காப்பாற்றப் பொய் சொல்கிறாள். சும்மா இருந்தால் யாருக்கும் தெரியாது. ரத்தம் எடுப்பார்கள், ஒன்றும் இருக்காது, கம்பியைக் கழற்றுவார்கள், பழி மிட்டாய்மேல் போய்விடும். துணியை இன்றைக்கே அடுப்பில் போட்டுவிடலாம். இவ்வளவும் ஒரு மூச்சு நேரத்தில் அவர் மனசில் ஓடத்தான் செய்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

"டாக்டரம்மா, ரத்தம் எடுக்க வேண்டாம்" என்றார். "நான்தான்."

"என்ன சார்?"

"நான்தான் தொடைக்கச் சொன்னேன். எச்சில் ஊற ஊற எடுத்துடுன்னு சொன்னேன். தோல்துணி குடுத்தேன். ஊதிக் காய வைச்சேன். விசிறிக்கு எதிர்ல உக்கார வைச்சேன். தண்ணி குடிக்காதேன்னு சொன்னதும் நான்தான்."

டாக்டரம்மா சிரித்திருந்தால்கூட அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும். அவர் சிரிக்கவில்லை.

"யார் சார் உங்களுக்கு இப்படிச் சொன்னது?"

"யாரும் சொல்லல. என் வேலைதான் சொல்லுச்சு. ஈரம் பட்டா உலோகம் கெட்டுடும்னு..."

"அது துருப்பிடிக்காத எஃகு, சார். வாய்ல வைக்கறதுக்குன்னே செய்யறது."

"எனக்குத் தெரியாதா, டாக்டரம்மா?" என்றார் கடிகாரக்காரர். "தினம் பத்து எஃகுக் கடிகாரம் திறக்கறேன். எது துருப்பிடிக்கும் எது பிடிக்காதுன்னு தொட்டே சொல்லுவேன். பிள்ளை வாய்ல இருக்கறப்போ எல்லாம் மறந்துபோச்சு. பயத்துல புத்தி வேலை செய்யல."

அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த மனிதரை எங்கிருந்து திட்ட ஆரம்பிப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"ஏன்டி, நீயாவது சொல்லக் கூடாதா?" என்று மகளிடம் பாய்ந்தாள். "பையைக் கொட்டிக் கவுத்தேனே, மிட்டாய் மிட்டாய்னு உயிரை எடுத்தேனே, அப்போகூடவா சொல்ல மாட்ட?"

"எனக்கு மட்டும் தெரியுமாம்மா, அதுதான் காரணம்னு?" என்றாள் சின்னமுள். பிறகு அப்பா பக்கம் திரும்பினாள். "அப்பா, நான் இப்போ தண்ணி குடிக்கலாமா?"

கடிகாரக்காரர் அவசர அவசரமாகத் தலையை ஆட்டினார்.

நாற்காலி ஓரத்தில் வாய் கொப்பளிக்க வைத்திருந்த குவளையை எடுத்து அவள் அண்ணாந்து மடமடவென்று குடித்தாள். குடித்துவிட்டு இன்னொரு குவளைக்கு நீட்டினாள். டாக்டரம்மாவே எழுந்துபோய்க் குடிதண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தார். மூன்றாவது குவளையையும் அப்படியே குடித்து முடித்தாள். அவள் தொண்டையில் தண்ணீர் இறங்குகிற சத்தம்தான் கேட்டது. கடிகாரக்காரர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

டாக்டரம்மா இன்னும் ஒரு மாதம் தவணை கொடுத்தார். அதுவரை கம்பியை இறுக்க மாட்டார். வெள்ளை விழுந்த பல்லுக்குப் பூச ஒரு பசை, மெல்லுவதற்குச் சர்க்கரை இல்லாத கோந்து மிட்டாய், பள்ளிக்கு ஒன்றுக்கு இரண்டு பாட்டில் தண்ணீர். "இந்தத் தடவையும் நாலாவது படமா இருந்தா நான் யோசிக்க மாட்டேன். கழட்டிடுவேன்" என்று கண்டிப்பாகச் சொல்லித்தான் அனுப்பினார்.

வீடு திரும்புகிற வழியெல்லாம் அம்மா கொட்டித் தீர்த்தாள்.

"ஊர்க் கடிகாரமெல்லாம் உங்ககிட்ட வந்து சரியாப் போகுது. பெத்த பிள்ளையைக் காய வைச்சுக் கருவாடாக்கப் பார்த்தீங்களே!"

"தப்புதான்."

"தப்புன்னு சொன்னா ஆச்சா? அவ உதட்டைப் பாருங்க. நானும் ஒரு குருடி. பாட்டில் நெறைஞ்சு வந்ததைப் பார்த்தேன், அந்த நாத்தம் புடிச்ச துணியைப் பார்த்தேன். துவைச்சு வேற குடுத்தேன்!"

அதற்கு மேல் திட்டவில்லை. மகளைத் தன் பக்கம் இழுத்து அணைத்துக்கொண்டு நடந்தாள்.

அந்த மாதம் கடிகாரக்காரர் மகள் வாய்க்குள் எட்டிப் பார்க்கவே இல்லை. லென்ஸ் மாட்டுகிற கண் துடித்தது, விளக்கைத் திருப்பக் கை போனது, அடக்கிக்கொண்டார். பார்த்தால் மறுபடி எதையாவது செய்துவிடுவோமோ என்று தன் கையைக் கண்டே அவருக்குப் பயம். மணிக்கொரு தடவை, "குடிச்சியா?" என்று மட்டும் கேட்பார். முக்காலியில் உட்கார்ந்து அவள் கோந்து மிட்டாயை மெல்லுகிற சத்தம் சளக் சளக்கென்று கேட்கும். வேறு யார் அப்படி மென்றாலும் எழுப்பி வெளியே அனுப்பியிருப்பார். சாவிக்காரர்தான் விடவில்லை.

"என்ன சின்னமுள், போன மாசம் மீனு, இந்த மாசம் ஆடா?"

"இது டாக்டர் சொன்னது, மாமா."

"அப்பா சொன்னதில்லையே? அப்போ தைரியமா மெல்லு."

கடிகாரக்காரர் தலை நிமிராமல் அந்தக் குத்தலை வாங்கிக்கொண்டார். வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே.

மறு சோதனை நாளில் குழாய் மெல்ல மெல்ல நிறைந்தது. இரண்டு, மூன்று. அம்மா புடவைத் தலைப்பைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று முணுமுணுத்தாள். நான்கு. கடைசி நிமிடத்தில் ஐந்தாவது கோட்டைத் தொட்டு ஒரு நூல் மேலேயும் போனது. எச்சிலைப் பார்த்து இப்படிக் கும்பிடத் தோன்றும் என்று கடிகாரக்காரர் கனவிலும் நினைத்ததில்லை.

"இது பாதிதான்" என்றார் டாக்டரம்மா. "கிருமி என்ன சொல்லுதுன்னு பட்டையைப் பார்க்கணும். ரெண்டு நாள்ல போன் பண்றேன்."

அந்த இரண்டு நாளும் ஊரில் ஓடுகிற கடிகாரம் எல்லாம் பொய் என்று அவருக்குத் தோன்றியது. ஒரு நிமிடம் என்று முள் காட்டும், ஒரு மணி நேரம் ஆனது போலிருக்கும். இரண்டாம் நாள் சாயங்காலம் ஐந்தரைக்குப் போன் அடித்தது. மேஜையில் ஒரு பழைய சாவி கொடுக்கிற கடிகாரம், வயிறு திறந்து, பாதி பூட்டிய நிலையில் கிடந்தது. சின்னமுள் முக்காலியில் இருந்தாள். சாவிக்காரர் அறுத்துக்கொண்டிருந்த சாவியை அப்படியே நிறுத்தினார்.

கடிகாரக்காரர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு போனைக் காதில் வைத்தார்.

"சொல்லுங்க, டாக்டரம்மா... ம்... ம்... சரிங்க... அந்த வெள்ளை?... ம்... சரிங்க. ரொம்பச் சரிங்க."

வைத்துவிட்டார். திரும்பவில்லை.

"யோவ், சுவரையே பார்த்துட்டு உக்காந்திருந்தா எப்படி? சொல்லித் தொலையும்யா!" என்று சாவிக்காரர் கத்தினார்.

"ரெண்டாவது படமாம்" என்றார் கடிகாரக்காரர் சுவரைப் பார்த்தபடியே. "நாலுலேர்ந்து ரெண்டுக்கு வந்திருக்காம். ஒரு பல்லுல மட்டும் வெள்ளைத் தழும்பு லேசா நின்னுடுமாம். மத்ததெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாப் போயிடுமாம். கம்பியைக் கழட்ட வேண்டாம். திங்கக்கிழமை இறுக்க வரச் சொன்னாங்க."

திரும்பிப் பார்த்தார். சின்னமுள்ளின் கை பழக்கத்தில் முகவாய்வரை வந்து, அங்கேயே தயங்கி நின்றது. பிறகு அந்தக் கை மெதுவாக மடிக்கு இறங்கியது. அவள் சிரித்தாள். கம்பியும் கட்டையும் பாதி இறங்கிய கோரைப்பல்லும் வெள்ளைத் திட்டும் எல்லாம் தெரிய, வாயில் இருந்த கோந்து மிட்டாயோடு, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

விளக்கு வெளிச்சத்தில் அது நன்றாகவே தெரிந்தது. அவள் வாயிலிருந்து தெறித்த ஒரு பொட்டு எச்சில் பறந்துபோய்த் திறந்திருந்த கடிகாரத்தின் நடுச் சக்கரத்தில் விழுந்து மினுங்கியது.

சின்னமுள் சட்டென்று சிரிப்பை நிறுத்தினாள். முகம் வெளுத்துவிட்டது.

"போச்சு!" என்றார் சாவிக்காரர். "மொத்தத்தையும் பிரிச்சுக் கழுவணும் இல்ல?"

"ஆமா, கழுவணும்" என்றார் கடிகாரக்காரர். அவர் கை ரப்பர் குமிழுக்குப் போகவில்லை, துணிக்கும் போகவில்லை. முக்காலிக்கு எதிரே, தலை படியில் இடிக்காமல் குனிந்து உட்கார்ந்துகொண்டார்.

"ஏன் நிறுத்திட்ட?" என்று மகளிடம் கேட்டார். "சிரி."